தலையைச் சாய்த்துச் சேர்த்த இருபதாவது பெயர்

போன மாதம் ஆசிரியர் சங்க இதழுக்காக ஓர் இளம் ஆசிரியர் என்னைத் தேடி அரூருக்கு வந்திருந்தார். கையில் ஒரு சுற்றறிக்கை வைத்திருந்தார். கிராமத்துப் பள்ளிகளில் மிக நன்றாகப் படிக்கிற பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்து, நகரத்து விடுதியில் தங்கவைத்துத் தனிப் பயிற்சி கொடுக்கப் போகிறார்களாம். அதை எப்படிச் செய்தால் சரியாக வரும் என்று பழைய ஆட்களிடம் கேட்கிறார்களாம்.

"நீங்க மலைப் பள்ளிக்கூடத்துல இருந்தவங்க. ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்கய்யா. பழமொழியெல்லாம் போட்டு நல்லா எழுதுவீங்கன்னு சொன்னாங்க" என்றார்.

சுற்றறிக்கையை வாங்கிப் படித்தேன். 'பள்ளிக்கு ஒருவர்' என்று போட்டிருந்தது. என் விரல் அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. அவரை உட்காரவைத்து மோர் கொடுத்து, "எழுதறேன் தம்பி, ஆனா நீங்க நெனைக்கிற மாதிரி இருக்காது" என்று சொல்லி அனுப்பினேன். கெட்டிக்காரப் பிள்ளை ஒன்றை மேலே அனுப்பிய அனுபவம் எனக்கு உண்டு. அதில் நான் செய்த தப்பும் உண்டு. இரண்டையும் எழுதுகிறேன்.

நான் பெரிய படிப்புப் படித்தவன் அல்ல. வீட்டிலிருந்தே படித்து எட்டாவது பரீட்சையை எழுதித் தேறினேன். பயிற்சிப் பள்ளியில் இரண்டு வருடம் கரும்பலகையில் கோணாமல் எழுதக் கற்றுக்கொடுத்தார்கள். மற்றதெல்லாம் ஜனங்கள் வாயிலிருந்து கற்றதுதான். யார் எந்தச் சொலவடை சொன்னாலும் சட்டைப் பையில் இருக்கும் சிறு நோட்டில் எழுதிக்கொள்வேன். அந்தப் பழக்கத்தால் எனக்கு நிறைய நண்பர்கள் கிடைத்தார்கள். பள்ளிப் பிள்ளை ஒன்றை இழந்ததும் அதே பழக்கத்தால்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் சித்தேரி மலையில் ஓர் ஊருக்கு என்னைப் போட்டார்கள். அன்றைக்கு இதெல்லாம் சேலம் ஜில்லா. அரூரிலிருந்து அடிவாரம்வரை வண்டி, அப்புறம் நடை. பள்ளி ஏற்கெனவே இருக்கிறது என்று நினைத்துப் போனேன். போனபின்தான் தெரிந்தது, பள்ளியைத் திறக்கவேண்டியவனே நான்தான். ஊர்க்காரர்கள் போட்டுக் கொடுத்த ஒரு மூங்கில் கொட்டகை, ஒரு கரும்பலகை, சேர்க்கைப் பதிவேடு, நான்.

என் மனைவி மலைக்காய்ச்சலுக்குப் பயந்து வரவில்லை. அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். எனக்கே வருடத்தில் இருமுறை காய்ச்சல் வரும். ஆனால் நான் பேசாமல் இருக்கத் தெரியாதவன். மலையிலோ ஜனங்கள் விடிந்தால் சாமைக் கொல்லைக்கும் தினைக் கொல்லைக்கும் போய்விடுவார்கள். மிஞ்சினால் தேன், கடுக்காய் என்று காட்டுக்குப் போவார்கள். பள்ளிவிட்டதும் ஊரில் நானும் நாய்களும்தான். சில நாள் வாய் துருப்பிடித்துவிட்டதோ என்று சந்தேகம் வந்து சத்தமாக வாய்ப்பாடு சொல்லிப் பார்ப்பேன்.

பள்ளிக்கு அங்கீகாரம் வேண்டுமென்றால் முதல் நாள் பதிவேட்டில் இருபது பெயர் இருக்கவேண்டும். ஐந்து வயது முடிந்திருக்கவேண்டும். மலையில் பிறந்த தேதிக்கு யாரிடம் போவது? எங்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒரே அளவுகோல், வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வது. தொட்டால் ஐந்து. தேதிக் கட்டத்தில் ஜூன் முதல் தேதி என்று போடுவோம். என் பள்ளியில் சேர்ந்த அத்தனை பேரும் ஜூன் முதல் தேதியில் பிறந்தவர்கள்.

பத்தொன்பது பிள்ளைகள் காதைத் தொட்டுவிட்டார்கள். இருபதாவதாக யாருமில்லை. சேர்ந்த பத்தொன்பதில் செவத்தாள் என்று ஒரு பெண்; அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் குழந்தை ஒன்று நின்றிருந்தது. தீர்த்தமலைச் சாமிக்கு வேண்டிக்கொண்டு பிறந்ததால் தீர்த்தம்மா என்று பெயர். அப்பன் சடையன் தேன் எடுக்கிறவன்.

"இது சின்னதுங்க வாத்தியாரே. செவத்தா இல்லாம இருக்காதுன்னு கூட வந்துச்சி" என்றான்.

கையைத் தூக்கச் சொன்னேன். உச்சந்தலையைத் தாண்டிக் கை இறங்கவில்லை. நான் அதன் தலையை லேசாகச் சாய்த்தேன். விரல் நுனி காதைத் தொட்டது. ஐந்து வயது, ஜூன் முதல் தேதி என்று எழுதினேன். பள்ளி திறந்தது.

ஓராசிரியர் பள்ளியில் ஒரு வசதி உண்டு. எல்லா வகுப்பும் ஒரே கொட்டகையில் இருப்பதால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை காது இருந்தால் நான்காம் வகுப்பையும் கேட்கலாம். தீர்த்தம்மா கேட்டாள். அடிவாரத்தில் கொஞ்சம் படித்து நின்றுபோன பெரிய பையன்களை நான்காம் வகுப்பில் வைத்திருந்தேன்; அவர்களில் ஒருவனை எழுப்பிக் கணக்குக் கேட்பேன். அவன் கூரையைப் பார்ப்பான். மணலில் 'அ' எழுதிக்கொண்டிருக்கிற இவள் செவத்தாளின் காதில் விடையைச் சொல்வாள். செவத்தாள் உரக்கச் சிரித்து, "வாத்தியாரே, இவ சொல்லிட்டா" என்பாள். செவத்தாளுக்குப் படிப்பு ஏறவில்லை. இரண்டாம் வகுப்பு அவளுக்குப் பெரிய மலை. ஆனால் தீர்த்தம்மா எது சொன்னாலும் வாயைத் திறந்தபடி கேட்பாள். அவள் கேட்கக் கேட்க இவள் சொல்லிக்கொண்டே போவாள்.

இவளுக்குக் கொடுக்க என்னிடம் புத்தகம் தீர்ந்துபோனது. காட்டிலாகா நோட்டீஸ், காய்ச்சலுக்கான கொயினா மருந்துப் புட்டியின் சீட்டு, மளிகை கட்டிவந்த பத்திரிகைத் தாள், பழைய பஞ்சாங்கம், எதைக் கொடுத்தாலும் படித்தாள். வருகைப் பதிவேட்டைப் பார்த்துப் பார்த்து, எந்த வருடத்து எந்தத் தேதிக்கும் கிழமை சொல்லும் வழியைத் தானாகவே கண்டுபிடித்தாள். நான் பஞ்சாங்கத்தை வைத்துச் சோதிப்பேன். தப்பவே தப்பாது.

"வாத்தியாரு புள்ள மக்குன்னு சொல்லுவாங்க. வாத்தியாரே மக்கா இருந்தா என்ன செய்யறது?" என்று ஒருநாள் அலுத்துக்கொண்டேன்.

"நீங்க மக்கில்லீங்க. உங்களுக்கு அவசரம்" என்றாள். எட்டு வயதுகூட இருக்காது.

அவசரம் உண்மைதான். இவள் கவனம் சிதறாமல் மேலே போகவேண்டும் என்ற அவசரத்தில் செவத்தாளை எடுத்து வேறு மூலையில் உட்காரவைத்தேன். ஒரு வாரம் தீர்த்தம்மா ஒரு கேள்விக்கும் வாய் திறக்கவில்லை. மறுபடி பக்கத்தில் உட்காரவைத்ததும் சரியானாள். பிடிவாதம் என்று நினைத்தேன். அதற்குமேல் யோசிக்கவில்லை.

பள்ளிகளைப் பார்வையிட வரும் எங்கள் டிப்டி இன்ஸ்பெக்டரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஒல்லியான மனிதர். குரலை உயர்த்தவே மாட்டார். அவர் வருகிறார் என்றால் பக்கத்து மலை வாத்தியாரும் தன் பதிவேட்டை எடுத்துச் சரிபார்ப்பார். வந்ததும் வணக்கம் வாங்க மாட்டார். முதலில் வாசலில் நின்று தலைகளை எண்ணுவார். அப்புறம்தான் குடையை மடக்குவார். நாற்காலியைத் தானே துடைத்துக்கொள்வார். பள்ளியில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். தன் மையும் தன் பேனாவும் கொண்டுவருவார். பதிவேட்டின் மேல் ஓர் அடிக்கோலை வைத்து வரி வரியாகக் கீழே இறக்குவார். அடிக்கோல் எங்காவது நின்றால் நாம் தீர்ந்தோம். "ஆத்துல போட்டாலும் அளந்து போடு" என்கிற பழமொழி கால் முளைத்து மலையேறி வந்தது போல இருக்கும்.

பள்ளி திறந்து ஆறாவது வருடம், தை மாதத்தில் வந்தார். தீர்த்தம்மா ஐந்தாவதை முடித்து அந்த வருடம் சும்மா வந்துகொண்டிருந்தாள். போக வேறு பள்ளி இல்லை. அவளை எழுப்பி அவரிடம் காட்டினேன். அவர் கணக்குக் கேட்டார், சொன்னாள். தேதிகள் கேட்டார், கிழமை சொன்னாள். அவர் தன் டைரியைப் புரட்டிச் சரிபார்த்தார். முதன்முறையாக அவர் முகத்தில் ஒரு சிரிப்பு பார்த்தேன்.

"நீ பிறந்த கிழமை தெரியுமா?"

"தெரியுங்க. ஆனா அது நான் பொறந்ததில்லீங்க, வாத்தியாரு எழுதுனது" என்றாள். "அன்னிக்குச் சேந்த எங்க அத்தன பேருக்கும் ஜூன் ஒண்ணுதானுங்க. செவத்தாளும் நானும் ஒரே நாளுங்க. அவ நடக்கறப்ப நான் பொறக்கவேயில்லன்னு எங்கம்மா சொல்லுது."

கொட்டகையே சிரித்தது. இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. அடிக்கோலை எடுத்துப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் வைத்தார். இருபதாவது வரிவரை இறக்கினார். பதிவேட்டை மூடினார்.

பிள்ளைகள் போனபின் சொன்னார்: "சேலத்துப் பெண்கள் விடுதியில் மலைப் பகுதிக்கு என்று ஓர் இடம் இருக்கிறது. சாப்பாடு, துணி, பள்ளி எல்லாம் அங்கேயே. இந்தப் பெண்ணைத் தவிர நான் பார்த்ததில் வேறு ஆள் இல்லை. ஆனால் வரும் ஜூலை முதல் தேதியில் பதினொரு வயது முடிந்திருக்கக் கூடாது. உம்முடைய எழுத்துப்படி ஜூன் ஒன்றிலேயே முடிந்துவிடுகிறது."

"ஒரு மாசந்தானுங்களே."

"ஒரு நாள் என்றாலும் முடிந்தது முடிந்ததுதான். நிஜமாக எப்போது பிறந்தாள்?"

சடையனைப் போய்க் கேட்டேன். "மூங்கி பூத்த வருசங்க. அவ ஆத்தா மூங்கிலரிசி பொறுக்கப் போன எடத்துலதான் பொறந்தா. காட்டாபீசுல சீட்டு வாங்கிட்டுத்தான் பொறுக்கப் போனம்" என்றான்.

மூங்கில் ஒரு தலைமுறைக்கு ஒருமுறை பூக்கும். பூத்துக் காய்த்துச் செத்துப்போகும். பூத்த வருடத்தை மலையில் யாரும் மறக்க மாட்டார்கள். அரிசி பொறுக்கக் காட்டிலாகா சீட்டுக் கொடுத்திருந்தால் அதற்குக் கணக்கு இருக்கும் என்று தோன்றியது. சனிக்கிழமை இறங்கி அரூர் வந்தேன். காட்டிலாகா குமாஸ்தா மேலும் கீழும் பார்த்தார். "மூங்கில் பூத்ததுக்குச் சாட்சி கேட்டு வந்த மொத ஆளு நீருதான் வாத்தியாரே" என்று சொன்னாலும், கரையான் அரித்த கட்டுகளைப் பிரித்துத் தேடிக் கொடுத்தார். சடையன் பெயரும் இருந்தது, சித்திரை மாதம் சீட்டு வாங்கிய தேதியும் இருந்தது. அதன்படி பார்த்தால் பள்ளி திறந்த அன்று தீர்த்தம்மாவுக்கு நான்கு வயதும் சொச்சமும். நகல் எடுத்துக் கையெழுத்து வாங்கினேன்.

இன்ஸ்பெக்டர் அரூர் முகாமில் இருந்தார். நகலை இரண்டுமுறை படித்தார்.

"சர்க்கார் காகிதம்தான். ஒப்புக்கொள்ளலாம். திருத்துவதற்கு ஒரு முறை இருக்கிறது. சேர்த்த ஆசிரியரே எழுத்தில் தரவேண்டும், வயது தவறாக எழுதினேன் என்று." பேனாவை மூடினார். "எழுதினால் என்ன ஆகும் என்று யோசித்தீரா?"

"யோசிச்சனுங்க."

"சொல்லும்."

"பள்ளி தொறந்த அன்னிக்குப் பத்தொம்பது பேருதானுங்க. நான் பொய்ப் பேரு எழுதித் தொறந்தேன்னு ஆகும்."

"பள்ளியை மூட விடமாட்டேன், இன்று நாற்பது பேர் இருக்கிறார்கள். உம்மைக் காப்பாற்ற என்னால் ஆகாது. எழுதாமல் போனால் எனக்கு ஒன்றும் தெரியாது, உமக்கும் ஒன்றும் ஆகாது."

இதைப் பயமுறுத்தலாகச் சொல்லவில்லை. என் முன்னால் தராசின் இரண்டு தட்டையும் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். என் பேனாவில் மை இல்லை. அதைச் சொன்னேன். யாருக்கும் கொடுக்காத தன் பேனாவைத் திறந்து நீட்டினார்.

எழுதிக் கொடுத்தேன். அவர் மலையேறி வந்து பதிவேட்டில் சிவப்பு மையால் பழைய தேதியை ஒரே கோட்டில் அடித்தார். அடித்தாலும் பழையது படிக்கிறபடி இருக்கவேண்டும், சுரண்டக் கூடாது என்பது அவர் விதி. மேலே புதுத் தேதி, பக்கத்தில் கையெழுத்து, உத்தரவு எண். மை காயும்வரை காத்திருந்துதான் மூடினார். எனக்கு ஒரு சம்பள உயர்வு நின்றது. பாலக்கோட்டுக்கு அந்தப்புறம் ஒரு கிராமத்துக்கு மாற்றல் வந்தது. பரவாயில்லை என்று இருந்தேன். தீர்த்தம்மாவுக்கு இடம் கிடைத்துவிட்டது.

அவள் புறப்பட்ட அன்று சடையன் முகம் தெளிவாக இல்லை.

"ஏனப்பா, சந்தோசமா அனுப்பு" என்றேன்.

"சந்தோசந்தாங்க. ஒத்த ஈ கூடு கட்டாதுங்க வாத்தியாரே" என்றான்.

தேன் எடுக்கிறவன் வாயிலிருந்து வந்த சொல். அதுவரை நான் கேட்டதே இல்லை. ஆகா என்று நோட்டை எடுத்து, "இன்னொரு தரம் சொல்லு" என்று கேட்டு எழுதிக்கொண்டேன். அவன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். செவத்தாள் அடிவாரம்வரை கூட வந்தாள். வண்டி கண்ணைவிட்டு மறையும்வரை நின்றாள். நான் கையசைத்துக்கொண்டிருந்தேன்.

புது ஊரில் பாதி வீடுகளில் கன்னடம். நான் தண்ணீர் கேட்டால் பிள்ளைகள் என் பேச்சைச் சொல்லிக்காட்டிச் சிரிப்பார்கள். பெரியவர்கள் மரியாதையாக ஒதுங்கிக்கொள்வார்கள். சாயங்காலம் கிணற்றடியில் கூட்டமாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். நான் போனால் பேச்சு நின்றுவிடும். மலையில் ஆள் இல்லாமல் தனியாக இருந்தேன், இங்கே ஆள் நடுவில் தனியாக இருந்தேன். இரண்டாவது கொடியது.

ஆவணியில் ஒரு கார்டு வந்தது. மலைக்குப் போய், அங்கிருந்து திருப்பி அனுப்பப்பட்டு வந்திருந்தது. 'இங்கு எல்லாரும் நல்லவர்கள். சாப்பாடு நன்றாக இருக்கிறது. கணக்கு நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். செவத்தாளை இங்கே அனுப்ப முடியுமா? அவள் படிக்க வேண்டாம்.'

சிறுபிள்ளைத்தனம் என்று நினைத்தேன். நான் இருந்த இருப்புக்கு அந்தக் கார்டு புரிந்திருக்கவேண்டும். புரியவில்லை. நோட்டைத் திறந்து, பொறுமை, முயற்சி என்று இருந்த சொலவடைகளில் நல்லதாகப் பார்த்து எட்டு எடுத்து, கார்டு நிறைய அழகான எழுத்தில் எழுதி அனுப்பினேன். சடையன் சொன்னதும் அதே நோட்டில்தான் இருந்தது. அது இந்த விஷயத்துக்குப் பொருந்தாது என்று தாண்டிப்போனேன்.

ஆயுத பூஜை விடுமுறைக்கு ஊருக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. எனக்குச் செய்தி பொங்கலுக்குத்தான் தெரிந்தது. விடுதியிலிருந்து இன்ஸ்பெக்டருக்குக் கடிதம் வந்திருந்ததாம்: பெண் மந்தம், வகுப்பில் வாயே திறப்பதில்லை.

பத்து வருடம் ஆயிற்று. என் மனைவி காலமானாள். யாரும் போக விரும்பாத இடத்துக்கு மாற்றல் கேட்டால் உடனே கிடைக்கும்; சித்தேரிக்கே கேட்டு வாங்கினேன். மூங்கில் கொட்டகை இருந்த இடத்தில் ஓட்டுக் கட்டடம். ஊரில் விசாரித்தபோது ஒரு வேடிக்கை தெரிந்தது. யாருக்கு வயது தெரியவேண்டுமானாலும் தீர்த்தம்மாவிடம் போகிறார்கள். ஊரில் பிறந்த ஒவ்வொரு பிள்ளையின் தேதியும் கிழமையும் அவள் தலையில் இருக்கிறதாம்.

சேர்க்கை நாளில் அவளே வந்தாள். இரண்டு சிறு பெண்களைக் கையில் பிடித்திருந்தாள்.

"என்னத் தெரியுதுங்களா வாத்தியாரே?"

"தீர்த்தம்மா."

"நரச்சிட்டீங்க. வாயி மட்டும் அப்படியே இருக்குதாமே, ஊருல சொன்னாங்க."

உட்காரச் சொன்னேன். கீழேதான் உட்கார்ந்தாள். கேட்க வேண்டாம் என்று இருந்தவன் கேட்டுவிட்டேன். "ஏம்மா திரும்பி வந்துட்ட?"

"யாரும் ஒண்ணும் செய்யலீங்க. கணக்கு ஒண்ணு வந்துட்டா அத யாருகிட்டயாச்சும் சொல்லணுமில்லீங்களா. இங்கன்னா செவத்தா வாயப் பொளந்துட்டுக் கேப்பா. அங்க சொன்னா பெருமையடிக்கறான்னு மொகத்தத் திருப்பிக்குவாங்க. சரின்னு சொல்றத நிறுத்திட்டேன். அப்பறம் போடறதும் நின்னுபோச்சி."

"எனக்குக் கார்டு போட்டியே."

"போட்டேன். பழமொழியா அனுப்புனீங்க. எட்டும் இன்னும் மனப்பாடமா இருக்குது, சொல்லட்டுங்களா?" சிரித்தாள். எனக்குத் தலை நிமிரவில்லை. "வயசெல்லாம் பாடுபட்டுச் சரி பண்ணுனீங்க வாத்தியாரே, வேலைக்கே ஆபத்துன்னு அப்பறமா தெரிஞ்சிது. கூட ஒருத்திய அனுப்பியிருந்தீங்கன்னா இருந்திருப்பேன். அவ பக்கத்துல சும்மா குந்தியிருந்தாப் போதும்."

வாழ்க்கையில் எனக்குப் பழமொழி ஒன்றும் ஞாபகம் வராத நேரம் அது.

இளம் ஆசிரியர்களுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். கெட்டிக்காரப் பிள்ளையைப் பொறுக்கும்போது அது யார் பக்கத்தில் உட்கார்ந்தால் வாய் திறக்கிறது என்று பாருங்கள். அந்தப் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். அந்தப் பிள்ளை மதிப்பெண்ணில் கடைசியாக இருந்தாலும் எழுதுங்கள். அதற்குப்பின் நான் விடுதிக்கு எழுதிய பரிந்துரைகளில் இரண்டு பெயர்தான் இருக்கும். 'ஓர் இடம்தான் உண்டு' என்று திருப்பி அனுப்பினால், இரண்டாகும்வரை காத்திருப்பேன். மூன்றுமுறை விளக்கம் கேட்டார்கள். மூன்றுமுறையும் ஒரே பதிலைத்தான் எழுதினேன்.

தீர்த்தம்மா வந்த அந்தச் சேர்க்கை நாளில் பேனாவை எடுத்துப் பதிவேட்டைத் திறந்தேன். "ரெண்டும் யாரு?"

"இது செவத்தா மவ. இது என்னுது. தேதி நான் சொல்றனுங்க. ஆனா நீங்க உங்க மொறப்படியே பாத்துக்கங்க."

செவத்தாள் மகள் கையைத் தூக்கிக் காதைத் தொட்டுவிட்டாள். தீர்த்தம்மாவின் மகள் தூக்கினாள். விரல் நுனிக்கும் காதுக்கும் ஒரு விரற்கடை இருந்தது. அந்தக் குழந்தை அம்மாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தது. என் கை தானாக அதன் தலைப் பக்கம் போனது.

"சாய்க்காதீங்க வாத்தியாரே" என்றாள் தீர்த்தம்மா.

கையை இழுத்துக்கொண்டேன். "அப்ப இவளுக்கு அடுத்த வருசந்தான். செவத்தா மவள மட்டும் இப்பச் சேத்துக்கறன்."

"வேண்டாங்க. அது ஒரு வருசம் காத்திருக்கும். நான் செவத்தாகிட்டக் கேட்டுட்டுத்தான் வந்தன்."

இரண்டு பிள்ளைகளையும் பிடித்துக்கொண்டு எழுந்தாள். படியிறங்கும்போது பெரியது எதையோ கேட்டது. சின்னது நின்று, கையை ஆட்டி ஆட்டி நீளமாகப் பதில் சொன்னது. பெரியது வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டே நடந்தது.

இருவர் பெயரையும் எழுதாமலே பதிவேட்டை மூடினேன். அடுத்த ஜூன் வரும்வரை அவர்களுக்கு விட்ட இடம் காலியாகவே இருந்தது. வந்தபோது இரண்டு வரி எழுதினேன்.